தேவகிருபை டீச்சர் எழுதிய மனு

தேவகிருபை டீச்சர் என்றதும், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பெண்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு அவர் கையெழுத்துதான் முதலில் நினைவுக்கு வரும். கோடு போடாத தாளில் எழுதினாலும் வரி கோணாது. ஓய்வு பெறுகிறவர்களுக்கான வாழ்த்துமடல், சர்ச் சபையில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று தெருக்காரர்கள் கொடுக்கும் விண்ணப்பம் எல்லாமே கடைசியில் அவரிடம்தான் வந்து சேரும். மறுக்காமல் எழுதிக் கொடுப்பார்.

நானும் அவரும் ஒரே ஆசிரியர் அறையில் பதினாறு வருஷம் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள். நான் கணக்கு, அவர் இங்கிலீஷும் புவியியலும். இங்கே நான் எழுதுவதெல்லாம் அவரே சொன்னது. ஒரே நாளில் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்திக்கொண்டே நாலு வார்த்தை, பஸ்ஸுக்கு நிற்கும்போது நாலு வார்த்தை என்று மூன்று வருஷமாகச் சொன்னார். சொல்லும்போது ஒருநாளும் என் முகத்தைப் பார்த்ததில்லை.

அவர் கணவர் தேவஇரக்கம் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து அனுப்பும் ஒரு கம்பெனியில் கிளார்க். காலை ஏழரை பஸ்ஸில் போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புவார். பிள்ளைகள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் டீச்சருக்குப் புத்தகம்தான் துணை. உலையில் அரிசி கொதிக்கிற நேரத்தில்கூட ஏழெட்டுப் பக்கம் படித்துவிடுவார்.

1984 கோடை விடுமுறையில் தேவஇரக்கம் ராஜபாளையம் பழைய பேப்பர் கடையில் ஒரு இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து வாங்கி வந்தார். மேலட்டை கிடையாது. முன்னால் ஏழெட்டுப் பக்கங்களும் போயிருந்தன. பிரெஞ்சிலிருந்து பெயர்த்த நாவல் என்பதும், எழுதியவர் யார் என்பதும் டீச்சருக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த விடுமுறை முழுக்க அதைப் படித்தார். கடலோரத்து ஊர் ஒன்றில் கொள்ளைநோய் வருகிறது. ஊரைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே இருக்கிறவன் வெளியே போக முடியாது, வெளியே இருக்கிறவன் உள்ளே வர முடியாது. அதற்குள் ஒரு டாக்டர் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கிறார். நோயை ஜெயித்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. பரலோகத்திலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போகிற டீச்சரை அந்த டாக்டர் ரொம்பப் படுத்தினார். "பலன் கிடைக்கும்னு செய்யல, யாரோ பாக்காவன்னும் செய்யல. பக்கத்துல ஒருத்தன் நோவுல கெடக்கான், அது போதும் அவருக்கு. நம்மால அப்படி இருக்க முடியுமா?" என்று என்னிடம் கேட்டார். கேட்டவிதத்தில், தன்னால் முடியும் என்று அவர் நம்பியது எனக்குத் தெரிந்தது. நானும் அப்படித்தான் நம்பினேன்.

1986இல் பக்கத்து வீட்டுக்கு ரஹ்மத்துன்னிசா குடிவந்தார். இரண்டு வீடும் ஒரே சொந்தக்காரருக்கு உரியவை. அவர் பெயர் சுந்தரபாண்டியன், இருப்பது ராஜபாளையத்தில். நடுவில் ஒற்றைச் சுவர், கொல்லையில் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைகல். ரஹ்மத்துன்னிசாவின் கணவர் சேக் முகைதீன் தறி பழுதுபார்க்கும் ஃபிட்டர். மூத்த மகள் அசீனா அப்போது ஐந்து வயசுப் பிள்ளை. இளையவள் மாஜிதா பிறகு பிறந்தாள்.

டீச்சரைவிட ரஹ்மத்துன்னிசா பத்து வயசு இளையவர். "டீச்சரக்கா" என்றுதான் கூப்பிடுவார். 1989இல் டீச்சருக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூட இருந்தது அவர்தான். உறவுக்காரர்கள் ஆப்பிளோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெட்பேன் எடுத்தது, தலை சீவிவிட்டது, பயந்து அழுதபோது கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் ரஹ்மத்துன்னிசா. 1991இல் சேக் முகைதீன் சூரத்தில் ஒரு துணி மில்லுக்கு வேலைக்குப் போனார். ரஹ்மத்துன்னிசாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும், எழுத வராது. சூரத்துக்குப் போகிற கடிதம் எல்லாம் டீச்சர் கையெழுத்தில்தான் போனது.

கதையையும் டீச்சர் அவருக்குச் சொன்னார். ஒரு கோடையில், துவைகல் பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, தினம் கொஞ்சமாக அந்த நாவலைச் சொல்லி முடித்தார். ரஹ்மத்துன்னிசா சும்மா கேட்கிற ஆளில்லை.

"அந்த ஊர்ல பொம்பளையளே கெடையாதா டீச்சரக்கா? டாக்டரு அம்புட்டு வீட்டுக்குப் போறாரே, சீக்காளிக்குக் கஞ்சி வச்சுக் குடுத்தது யாரு?"

டீச்சர் சிரித்துவிட்டார். புத்தகத்தில் அதைப் பற்றி அதிகம் இல்லை என்றார்.

"எழுதுனவருக்கு யாரு கஞ்சி வச்சாவளோ" என்றார் ரஹ்மத்துன்னிசா.

1992 நூலக வாரத்தில் ராஜபாளையத்தில் பேச டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நாவலைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நானும் போயிருந்தேன். ஊருக்கே நோய் வந்தாலும் ஒரு மனிதன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, பக்கத்துவீட்டுக்காரன் கூப்பிட்டால் எழுந்து போவது, அதற்கு வீரம் வேண்டாம், நேர்மை இருந்தால் போதும் என்று முடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எவர்சில்வர் தட்டு ஒன்று கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தட்டை ரஹ்மத்துன்னிசா கையில் கொடுத்து, "ஒனக்குச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பேச்சு வந்துச்சு, நீ வச்சுக்கோ" என்றார்.

1994 செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. லட்சக்கணக்கில் ஜனங்கள் ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்று ரேடியோ சொன்னது. இரண்டு நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை தீர்ந்துபோனது. எங்கேயாவது எலி செத்துக் கிடந்தால் தெருவே கூடி நின்றது. ராஜபாளையத்தில் முகமூடித் துணிக்கு ஆர்டர் வந்து தறிகள் நிற்காமல் ஓடின. தேவஇரக்கம் வீட்டுக்கு ஒரு கட்டு பேண்டேஜ் துணியும் மாத்திரை அட்டைகளும் கொண்டுவந்தார். டீச்சர் அந்த நாவலை எடுத்து மறுபடி படித்தார். இந்தத் தடவை அகராதி தேவைப்படவில்லை. ரஹ்மத்துன்னிசா தினமும் சுவரோரம் வந்து, "பேப்பர்ல என்ன போட்டிருக்கான் டீச்சரக்கா? அவிய இருக்க பக்கமா?" என்று கேட்பார். டீச்சர் படித்துச் சொல்வார், தைரியமும் சொல்வார்.

காலாண்டு விடுமுறை தொடங்கிய சமயம். ஒருநாள் காலை செங்கோட்டை ரயிலில் சேக் முகைதீன் வந்து இறங்கினார். ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தார். டீச்சர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். தெருமுனையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நின்று இருமினான். யார் என்று முதலில் தெரியவில்லை. கிட்டே வந்ததும், "நல்லா இருக்கியளா டீச்சர்" என்றார் சேக் முகைதீன். கண் சிவந்திருந்தது. நாலு நாள் ரயிலில் வந்த அழுக்குச் சட்டை.

டீச்சர் பதில் சொல்லாமல் கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். கோலம் பாதியில் நின்றது. கொல்லைக் கதவைச் சாத்தினார். நடுச்சுவரை ஒட்டிய ஜன்னலைச் சாத்தினார். துணியை நாலாக மடித்து மூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு மாத்திரையை விழுங்கினார். அன்றைக்கு முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் வாசல் கதவை யாரோ தட்டினார்கள்.

"டீச்சரக்கா" என்றது ரஹ்மத்துன்னிசாவின் குரல். "டீச்சரக்கா, செத்த வாங்க. அவியளுக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. நெருப்பாக் கொதிக்கி. ஆசுபத்திரிக்குக் கொண்டு போவணும். சூரத்துன்னு சொன்னா வெரட்டிருவாவளோன்னு பயமா இருக்கு. நீங்க கூட வந்து ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பாவ."

டீச்சர் கதவுக்குப் பின்னால்தான் நின்றார். இரண்டடி தூரம். தாழ்ப்பாள் மேல் கை இருந்தது. எடுப்பதற்காகக் கையை வைத்தேனா, எடுத்துவிடக் கூடாது என்று வைத்தேனா என்று இன்றுவரை தெரியவில்லை என்றார் என்னிடம். மூச்சுச் சத்தம் வெளியே கேட்குமோ என்று வாயை மூடிக்கொண்டார்.

ரஹ்மத்துன்னிசா மறுபடி தட்டினார். மூன்றாம் தடவை தட்டவில்லை. கூடவே அசீனா வந்திருப்பாள் போல. அவள் சொன்னது கேட்டது: "எம்மா, டீச்சர் உள்ளதான் இருக்காவ. செருப்பு கெடக்கு பாரு."

பிறகு ரஹ்மத்துன்னிசா, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னார்: "அது பழைய செருப்பு. டீச்சர் வெளிய போயிருக்காவ. நீ வா."

பழைய செருப்பு என்று டீச்சரிடம் எதுவும் கிடையாது. இருந்தது அந்த ஒரு ஜோடிதான். அது ரஹ்மத்துன்னிசாவுக்கும் தெரியும்.

ஜன்னல் இடுக்கு வழியாக டீச்சர் பார்த்தார். ஒரு பக்கம் மனைவியும் ஒரு பக்கம் மகளும் தாங்கிக்கொள்ள, சேக் முகைதீன் காலை இழுத்து இழுத்து நடந்து போனார். முனையில் நின்ற ஆட்டோ இவர்களைப் பார்த்ததும் கிளம்பிப் போய்விட்டது. தெருவில் வேறு யாரும் வெளியே வரவில்லை.

இரவு கணவர் வந்ததும் டீச்சர் நடந்ததைச் சொன்னார். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாராம். திட்டினால் தேவலை என்றும் இருந்ததாம். தேவஇரக்கம் நாற்காலியில் உட்கார்ந்து நீளமாக மூச்சுவிட்டார். "நல்லவேள, தெறக்காம இருந்த" என்றார். அதைக் கேட்டு டீச்சருக்கு ஆறுதலாக இருந்தது. "ஆறுதலா இருந்துச்சுங்க, அதச் சொல்லத்தான் எனக்கு வெக்கமா இருக்கு" என்றார் என்னிடம்.

சேக் முகைதீனை இங்கே பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பி, தனி வார்டில் வைத்திருப்பதாக மறுநாள் தெரியவந்தது. ரஹ்மத்துன்னிசாவும் கூடப் போயிருந்தார். அன்று காலையில் சைக்கிள் கடை பேச்சிமுத்துவும், ஓய்வு பெற்ற கிளார்க் சோலைச்சாமியும் டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பேரும் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்.

"டீச்சர், வீட்டுச் சொந்தக்காரருக்கு ஒரு மனு எழுதணும்" என்றார் பேச்சிமுத்து. "அவங்க திரும்பி இந்தத் தெருவுக்குள்ள வரக் கூடாது. வீட்டப் பூட்டி மருந்தடிக்கச் சொல்லணும். நாங்க எழுதுனா நல்லா இருக்காது. தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போடுதோம்."

"ஒங்களுக்குத்தான் ஒட்டுன செவரு. ஒங்களுக்காவவும்தான் சொல்லுதோம்" என்றார் சோலைச்சாமி.

டீச்சர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். கை வலி என்று சொல்லியிருந்தால்கூட அவர்கள் போயிருப்பார்கள். அவர் உள்ளே போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்து உட்கார்ந்தார். எழுதத் தொடங்கியதும் வார்த்தை தடையில்லாமல் வந்தது. நோய் ஒரு வீட்டோடு நிற்பதில்லை, தனி மனிதரின் துயரத்தைவிட ஊரின் நலம் பெரிது, பிரிந்திருத்தல் கொடுமையே ஆயினும் இவ்வேளையில் அதுவே கடமை என்று எழுதினார். சோலைச்சாமி வாசித்துவிட்டு, "இதுக்குத்தான் டீச்சர் வேணுங்கறது" என்றார்.

அந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்று எழுதும்போது டீச்சர் யோசிக்கவில்லை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஊரைப் பூட்டுகிற அதிகாரிகள் அந்த நாவலில் பேசுகிற பேச்சு அது. பத்து வருஷமாக டாக்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவருக்கு, தேவை என்று வந்ததும் அதிகாரிகளின் தமிழ்தான் கைக்கு வந்தது. சோற்றைப் பிசைந்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். ஆனால் எழுந்து போய் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. பேச்சிமுத்து அப்போது தெருவில்தான் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

சுந்தரபாண்டியன் அன்று சாயங்காலமே ஆள் அனுப்பி வீட்டைப் பூட்டினார். பிள்ளைகள் இருவரையும் ரஹ்மத்துன்னிசா மம்சாபுரத்தில் தங்கை வீட்டில் விட்டிருந்தார். விஷயம் பரவியதும் தங்கையின் மாமியார் வீட்டில் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் கான்சாபுரத்தில் மைதீன் பிச்சை என்ற தூரத்து உறவுக்காரர், தோப்பில் இருந்த கிணற்று மோட்டார் அறையைத் திறந்துவிட்டார். பதிமூன்று வயசு அசீனாவும் ஆறு வயசு மாஜிதாவும் அந்த அறையில் பத்து நாள் இருந்தார்கள்.

சேக் முகைதீனுக்கு வந்தது மலேரியா. ரத்தப் பரிசோதனையில் நாலாம் நாளே தெரிந்துவிட்டது. ஆனால் உடம்பு ரொம்ப மோசமாகியிருந்ததால் பன்னிரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். வந்த பிறகும் அந்த வீடு அவர்களுக்குத் திறக்கவில்லை. ரஹ்மத்துன்னிசா துணிமணி எடுக்க வந்தபோது சுந்தரபாண்டியன் மனுவைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். தெருவே வேண்டாம் என்கிறபோது நான் என்ன செய்ய என்றாராம். சாமான்களை ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் போனார்கள். வண்டியில் ஏற்றுவதை டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்போதும் வெளியே வரவில்லை. பிளேக் இல்லை என்று தெரிந்த பிறகு வெளியே வர எதைக் கண்டு பயந்தார் என்றால், ரஹ்மத்துன்னிசாவைக் கண்டுதான்.

அசீனா எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு. டீச்சர்தான் வகுப்பாசிரியை. தினமும் காலையில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று குறித்துக்கொண்டே வந்தார். ஜனவரியில் விதிப்படி பெயரை நீக்க வேண்டியிருந்தது. சிவப்பு மையில் கோடு போட்டது அவர்தான். அன்றைக்கு ஆசிரியர் அறையில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர், "கூப்பிடப் போயிருக்கணும்" என்று மட்டும் சொன்னார். யாரை என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்தத் தெருவில் ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு பேங்க் குமாஸ்தா குடிவந்தார். டீச்சர் நாவலைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டார். அடுத்த நூலக வாரத்துக்குப் பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றார்.

1996இல் ஒருநாள் சாயங்காலம் ராஜபாளையம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். பேண்டேஜ் சுருட்டுகிற கம்பெனி ஒன்றிலிருந்து பெண்கள் கும்பலாக வந்தார்கள். தலைமுடியில், புருவத்தில் எல்லாம் பஞ்சு. அதில் ஒரு பெண் நின்று, "குட் ஈவினிங் டீச்சர்" என்றாள். அசீனா. வகுப்பில் சொல்கிற அதே ராகத்தில் பழக்கமாக வந்துவிட்டது போல. சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் விசாரித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். தேவஇரக்கம் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டார்.

"வாங்க டீச்சரக்கா, வழி கண்டுபிடிச்சு வந்துட்டியளே" என்றார் ரஹ்மத்துன்னிசா. பாய் விரித்தார், டீ போட்டார். சேக் முகைதீன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. உட்காருங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீயைக் கையில் வைத்துக்கொண்டே டீச்சர் சொன்னார்: "ரஹ்மத்து, அன்னைக்கு நான் வீட்டுலதான் இருந்தேன்."

"தெரியும்."

"அந்த மனு."

"அதும் தெரியும். ஒங்க எழுத்து எனக்குத் தெரியாதா? சூரத்துக்கு நீங்க எழுதுன காயிதமெல்லாம் அவிய கொண்டாந்தது பொட்டிக்குள்ளதான் கெடக்கு. வாசிக்க எனக்கு அர மணி நேரம் ஆச்சு. அம்புட்டும் பெரிய பெரிய வார்த்த."

டீச்சர் அழுதார். ரஹ்மத்துன்னிசா தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பயம் யாருக்குத்தான் இல்ல டீச்சரக்கா. அன்னைக்கு அவியளத் தொட எனக்கே பயமாத்தான் இருந்துச்சு. கதவத் தெறக்கலன்னு எனக்குக் கோவமில்ல. ஆனா தெறக்காத ஆளு, எழுதவாவது செய்யாம இருந்திருக்கலாம்."

"மன்னிச்சிரு ரஹ்மத்து."

"ஒரு வருசம் நெஞ்செல்லாம் எரிஞ்சுது. இப்ப இல்ல. ஆனா பழையபடி ஒங்ககிட்டப் பேச்சு வரமாட்டேங்குது. அதுக்கு நான் என்ன செய்ய, சொல்லுங்க."

பிறகு அவரே பேசினார். மதுரை வார்டில் செல்லத்தாய் என்று ஒரு துப்புரவுக்காரி இருந்தாளாம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, எட்ட நின்றே கஞ்சித் தூக்குச்சட்டியை வைப்பாளாம். எங்க உசுர வாங்கவா வந்திய என்று ஏசிக்கொண்டே போவாளாம். "ஆனா பன்னெண்டு நாளும் வந்தா. ஒரு நேரம் தவறல. நீங்க சொன்ன கதைய அப்ப நெனச்சேன். கஞ்சி வச்சுக் குடுத்தது யாருன்னு கேட்டேம்லா."

அசீனாவைத் திரும்பப் படிக்க வைக்கிறேன், தனியாக எழுத வைக்கிறேன், என் வீட்டில் வைத்தே சொல்லித் தருகிறேன் என்று டீச்சர் கேட்டார்.

"வேண்டாம்" என்றார் ரஹ்மத்துன்னிசா. குரல் உயரவில்லை. "அவ அந்தத் தெருவுக்கு வரமாட்டா. நானும் அனுப்ப மாட்டேன். மோட்டார் ரூம்ல ராத்திரியெல்லாம் தங்கச்சியப் பொத்திக்கிட்டு முழிச்சே கெடந்திருக்கா. இப்பமும் கதவப் பூட்டிட்டுத் தூங்கமாட்டா, தெறந்து போட்டுத்தான் படுப்பா. நீங்க டீயக் குடிங்க, ஆறிப்போச்சு."

டீச்சர் அதைக் குடித்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகவில்லை. போனால் அவர்களுக்கு டீ போடுகிற வேலைதான் மிச்சம் என்றார்.

1999 ஜூனில் அசீனா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். அப்போது தலைமையாசிரியை விடுப்பில் இருந்ததால் டீச்சர்தான் பொறுப்பு. நானும் அறையில் இருந்தேன். ராஜபாளையத்தில் தையல் பயிற்சியில் சேர வயசுக்குச் சான்று கேட்கிறார்கள், மாற்றுச் சான்றிதழ் வேண்டும் என்றாள். அடுத்த மாதம் நிக்காஹ், அதற்குள் சேர்ந்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். டீச்சர் படிவத்தை எடுத்து அதே அழகான எழுத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி. 'பள்ளியை விட்டு நீங்கிய காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அசீனா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். "வீடு மாறிட்டோம்னு போடுங்க டீச்சர்" என்றாள். "எல்லாரும் அப்படித்தான போடுவாவ."

டீச்சர் அப்படியே எழுதினார். முத்திரை வைத்துக் கொடுத்தார். அசீனா ஒருமுறை வாசித்துப் பார்த்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அவள் போன பிறகு, "அப்பவும் உண்மைய எழுத எனக்குக் கை வரல பாத்தியளா" என்றார் டீச்சர். அந்தப் படிவத்தில் அதை எழுதியிருந்தால் அந்தப் பெண்ணுக்குத் தையல் வகுப்பில் இடம் கிடைத்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது. அதையும் டீச்சருக்கு ஆறுதலாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒருநாள், எட்டாம் வகுப்பில் இங்கிலீஷ் பாடம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் கதை கேட்டார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். டீச்சர் அந்த நாவலைச் சொல்ல ஆரம்பித்தார். ஐந்து வருஷம் கழித்து அன்றுதான் அவர் வாயில் அந்தக் கதை வந்தது. ஊர், நோய், டாக்டர் எல்லாம் முன்பு சொன்ன மாதிரியே சொன்னார். ஆனால் நடுவில், புத்தகத்தில் இல்லாத ஒருத்தியைச் சேர்த்தார். நன்றாகப் படித்தவள், ஊரில் நல்ல பெயர் எடுத்தவள், பக்கத்துவீட்டுக்காரி தட்டியபோது கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள்.

"அந்தப் பொம்பளைக்கு நோய் வந்துச்சா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். வந்திருக்க வேண்டும் என்ற ஆசை அவள் குரலில் இருந்தது.

டீச்சர் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இல்லம்மா. அவளுக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருந்தா."